தொடுதலும் கைப்பழக்கமும்: கணினி வரலாற்று அருங்காட்சியகங்களின் செய்முறை நிகழ்வுகள் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பழைய கணினிகளைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிறுத்திக் காட்டும் நிலையிலிருந்து, அவற்றை இயக்கிக் காட்டுவதும் பார்வையாளரையே இயக்கச் செய்வதுமான நிலைக்குக் கணினி வரலாற்று அருங்காட்சியகங்கள் நகர்ந்துள்ளன. அமெரிக்காவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம், இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க் வளாகத்திலுள்ள தேசியக் கணினி அருங்காட்சியகம், சியாட்டில் நகரில் இயங்கி மூடப்பட்ட லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகம் ஆகிய மூன்றின் செய்முறை நிகழ்வுகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. எந்திரத்தைத் தொடுவதால் மட்டும் அதன் வரலாறு பார்வையாளருக்குப் புலப்படுவதில்லை. அவ்வெந்திரத்தோடு உழைத்தவர்களின் கைப்பழக்கத்தில் ஒரு கூறேனும் அவர் கைக்கு வந்து சேரும்போதே செய்முறை நிகழ்வு வரலாற்றுக் கல்வியாகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச் சொற்கள்: கணினி வரலாறு, அருங்காட்சியகவியல், செய்முறை நிகழ்வு, கைப்பழக்கம், துளையட்டை, கொலோசஸ், மீட்டமைப்பு.

முன்னுரை

கணினியின் வரலாற்றை நம்மில் பெரும்பாலோர் ஓர் அட்டவணையாகவே முதலில் கற்றோம். முதல் தலைமுறைக்கு வெற்றிடக் குழாய், இரண்டாம் தலைமுறைக்கு டிரான்சிஸ்டர், மூன்றாம் தலைமுறைக்கு ஒருங்கிணைந்த மின்சுற்று எனப் பாடநூலில் அமைந்த அவ்வட்டவணையைத் தேர்வுக்காக மனனம் செய்தோம். அதில் உறுப்புகளுக்குப் பெயர் இருந்தது. அவ்வுறுப்புகளைக் கொண்டு வேலை செய்தவர்களுக்கு இடமில்லை. பழுதுபட்ட குழாயைக் கண்டறிந்து மாற்றியவர் யார், அட்டைகளில் துளையிட்டவர் யார், ஒரு கணக்கின் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தனர் என்னும் வினாக்கள் எழ அந்த அட்டவணையில் வழியில்லை.

அவ்வினாக்களை எழுப்புவதற்குரிய இடமாகக் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தைக் கருதலாம். ஆனால் அணைத்துவைக்கப்பட்ட கணினி பிற அரும்பொருள்களைக் காட்டிலும் ஊமையானது. நெசவுத் தறியை நிறுத்திவைத்தாலும் அதன் பாவும் ஊடும் வேலையின் போக்கை ஓரளவு காட்டும். மின்சாரமற்ற கணினியோ ஓர் இரும்புப் பேழையாகவே எஞ்சும். ஆகவே இத்துறையின் அருங்காட்சியகங்கள் எந்திரங்களை மீட்டமைத்து இயக்குவதையும், பார்வையாளர் கைகளுக்கு வேலை தருவதையும் தம் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டன. பன்னாட்டு அருங்காட்சியக மன்றம் 2022ஆம் ஆண்டு பிராகா மாநாட்டில் ஏற்ற புதிய வரையறையில் சமூகப் பங்கேற்புக்கு இடம் தந்திருப்பதும் இப்போக்குக்கு வலுவூட்டுகிறது.

இப்போக்கு பரவலாகப் பாராட்டப்பெறுகிறது. எனினும் ‘செய்து பார்க்கலாம்’ என்னும் அழைப்பின்வழிப் பார்வையாளர் எதைச் செய்கிறார், எதைப் பார்க்கிறார் என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அருங்காட்சியகங்கள் வெளியிட்டுள்ள விளக்கங்கள், மீட்டமைப்பில் ஈடுபட்டோரின் பதிவுகள், செயல்விளக்கங்களின் காணொளிகள் ஆகியவை இதற்கு அடிப்படையாக அமைகின்றன. கட்டுரையாளர் இவ்வெந்திரங்களை நேரில் தொட்டவரல்லர். தொடுதலைப் பற்றித் தொடாமல் எழுதுவதன் குறையை உணர்ந்தே இம்மதிப்பீடு முன்வைக்கப்படுகிறது.

தொடுதல், செய்துபார்த்தல், கைப்பழக்கம்

அருங்காட்சியகத்தில் பார்வையாளர் கைக்கு இடம் தருவது புதியதன்று. 1903இல் மியூனிக் நகரில் நிறுவப்பட்ட டாய்ச்சஸ் அருங்காட்சியகம் பார்வையாளர் இயக்கிப் பார்க்கும் மாதிரிகளுக்குப் பெயர் பெற்றது. 1969இல் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்புளோரட்டோரியம், அறிவியல் கோட்பாடுகளைத் தானே செய்து அறியும் முறையை உலகெங்கும் பரப்பியது. இவ்வகை நிறுவனங்களில் கையாளப்படுவது இயற்கையின் விதி. ஊசலை யார் ஆட்டினாலும் ஊசலின் விதி ஒன்றே. நேற்று ஆட்டியவர் யார் என்பது அங்குப் பொருட்டன்று.

கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் நிலை வேறு. இங்குக் கையாளப்படுவது ஒரு காலத்து மனிதர்கள் குறிப்பிட்ட நோக்கத்திற்காகச் செய்து, குறிப்பிட்ட பழக்கங்களோடு பயன்படுத்திய பொருள். அதன் வரலாற்றில் ஒரு பாதி எந்திரத்தில் உள்ளது. மறுபாதி அதனை இயக்கியவர்களின் கையில் இருந்தது. சொற்களால் முழுமையாக எடுத்துரைக்க இயலாத அறிவு ஒன்று திறனுக்குள் உறைந்துள்ளது என 1960களில் மைக்கேல் பொலானி விளக்கிய கருத்து இங்கு நேரடியாகப் பொருந்துகிறது.

தமிழில் ‘கைப்பழக்கம்’ என்னும் சொல் இதனைத் தெளிவாகச் சுட்டுகிறது. தொடுதல் ஒரு கணத்தில் முடிவது. செய்துபார்த்தல் ஒரு முறையோ இரு முறையோ நிகழ்வது. கைப்பழக்கம் திரும்பத் திரும்பச் செய்து, தவறி, திருத்திக்கொண்டு கை அடைவது. தமிழகத்துத் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் ஒரு மாணவர் முதல் நாளில் ‘ஏ, எஸ், டி, எஃப்’ எனத் தொடங்கும் வரிசையைத் தாள் நிறைய அடித்துப் பழகுவதையும், முதுநிலைத் தேர்வு எழுதும் நாளில் விசைப்பலகையைப் பாராமலே அடிப்பதையும் கண்டவர்களுக்கு இம்மூன்றின் வேறுபாடு விளக்கம் வேண்டாமலே விளங்கும்.

ஒரு மணிநேர வருகையில் எந்தப் பார்வையாளருக்கும் கைப்பழக்கம் வாய்க்காது. ஆயினும் அப்படியொன்று இருந்தது என்பதை அவர் கை உணரும்படி செய்ய இயலும். அதனை அளந்தறிய இக்கட்டுரை மூன்று வினாக்களைக் கைக்கொள்கிறது. நிகழ்வில் பார்வையாளர் பிழை செய்ய இடம் உண்டா? எந்திரத்தின் உண்மையான வேகத்துக்கும் காத்திருப்புக்கும் இடம் உண்டா? அன்று அவ்வேலையைச் செய்தவர் யார் என்பது அச்செயலிலேயே வெளிப்படுகிறதா?

துளையட்டையில் ஒரு பெயர்

1959ஆம் ஆண்டு அக்டோபரில் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த 1401 என்னும் கணினி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டு, அக்காலத்து அலுவலகக் கணக்கீட்டின் முகமாக விளங்கியது. மவுண்டன் வியூ அருங்காட்சியகத்தில் இவ்வகைக் கணினிகள் இரண்டு இயங்குநிலையில் உள்ளன. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் பலர் தன்னார்வலர்களாகக் கூடிப் பல ஆண்டுகள் உழைத்து அவற்றை மீட்டனர். செயல்விளக்கத்தில் அட்டை படிக்கும் கருவி நிமிடத்துக்கு 800 அட்டைகள் என்னும் வேகத்தில் இயங்குவதையும், 1403 அச்சுக்கருவி நிமிடத்துக்கு 600 வரிகளைப் பேரோசையோடு அச்சிடுவதையும் பார்வையாளர் காண்கின்றனர்.

இக்கூடத்தின் சிறந்த நிகழ்வு அதன் மிகச் சிறிய நிகழ்வே ஆகும். பார்வையாளர் துளையிடும் எந்திரத்தின் முன் அமர்ந்து தம் பெயரை ஓர் அட்டையில் துளையிடலாம். 80 நெடுவரிசைகளும் 12 கிடைவரிசைகளும் கொண்ட அட்டையில் ஓர் எழுத்துக்கு இரு துளைகள், ஓர் எண்ணுக்கு ஒரு துளை என விழுகின்றன. விசையை அழுத்தியதும் துளையிடும் ஓசையும் அட்டை ஒரு நெடுவரிசை நகரும் அதிர்வும் விரலுக்கு எட்டுகின்றன. திரைக்கும் விசைப்பலகைக்கும் பழகிய ஒருவருக்கு, எழுத்து என்பது தாளில் ஏற்படும் நிலையான ஓட்டை எனத் தெரியவரும் கணம் அது.

மேற்கண்ட மூன்று வினாக்களுள் முதலாவது இங்குச் சிறப்பாக விடை பெறுகிறது. தவறான விசையை அழுத்திவிட்டால் அதனை அழிக்க வழியில்லை. விழுந்த துளையை அடைக்கவும் இயலாது. புதிய அட்டையை வைத்து, பிழை நேர்ந்த இடம்வரை பழைய அட்டையைப் படியெடுத்து, அங்கிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். தம் பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டு இரண்டாவது அட்டையை எடுக்கும் பார்வையாளர், அதே வேலையை நாள் முழுதும் செய்தவரின் கவனம் எத்தகையது என்பதைக் கணநேரமாவது உணர்கிறார். வேறு நாட்டிலிருந்து வரும் பார்வையாளருக்கு மற்றொரு பாடமும் உண்டு. இவ்வெந்திரம் அறிந்தவை ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளும் எண்களும் சில குறிகளுமே. தமிழ்ப் பெயருடைய ஒருவர் தம் பெயரை அவ்வெழுத்துகளுக்குள் ஒடுக்கியே துளையிட இயலும். எந்திரம் யாருடைய அலுவலகத்தை எண்ணிச் செய்யப்பட்டது என்பதை விளக்கப் பலகையைவிட அந்த அட்டை தெளிவாகச் சொல்கிறது.

மூன்றாம் வினாவில்தான் குறை தென்படுகிறது. அக்காலத்தில் துளையிடும் வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நீண்ட அறையில் வரிசையாக அமர்ந்து, பிறர் எழுதித் தந்த தாள்களைப் பார்த்துத் துளையிடுவது அவர்கள் பணி. துளையிட்ட அட்டைகளை மற்றொருவர் சரிபார்ப்பு எந்திரத்தில் இட்டு, அதே செய்தியை இரண்டாம் முறை தட்டுவார். இரண்டும் ஒத்திருந்தால் அட்டையின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு விழும். அதாவது ஒவ்வோர் அட்டைக்கும் இருவர் உழைப்பு செலவாயிற்று. அவ்விரண்டாம் உழைப்பின் தடயம் விளிம்பிலுள்ள வெட்டு மட்டுமே. பார்வையாளர் தம் பெயரைத் துளையிட்டு, அட்டையை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லும்போது இச்செயல் தனிமனித மகிழ்ச்சியாக முடிந்துவிடுகிறது. அவருக்கு அடுத்து நிற்பவரை அதே பெயரை மீண்டும் தட்டிச் சரிபார்க்கச் செய்தால், அன்றைய உழைப்பின் அமைப்பு முழுவதும் இரண்டு பேரின் விளையாட்டிலேயே வெளிப்பட்டுவிடும். சரிபார்ப்பு எந்திரம் இல்லாவிடினும் இரு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒளிக்கு எதிரே பிடித்தால் போதும்.

விளையாட்டும் அதன் எல்லையும்

அதே அருங்காட்சியகத்தில் மீட்டமைக்கப்பட்டுள்ள பிடிபி-1, டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தின் முதல் கணினியாகும். உருவாக்கப்பட்டவை 53 மட்டுமே. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவர்தம் நண்பர்களும் 1962இல் இக்கணினிக்கென எழுதிய ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டைப் பார்வையாளர் அதே வகை எந்திரத்தில் ஆடலாம். வட்டத் திரையில் நடுவே ஒரு விண்மீன் தன்பால் ஈர்க்க, இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட முயல்கின்றன. ரஸ்ஸலே இச்செயல்விளக்கங்களில் பங்கேற்றதுண்டு.

கூட்டத்தை ஈர்ப்பதில் இந்நிகழ்வுக்கு இணை இல்லை. எந்திரம் உண்மையானது, விளையாட்டும் அன்று ஆடப்பட்டதே. ஆகவே வரலாற்றுக்கு மாறான எதுவும் இங்கு நடைபெறவில்லை. எனினும் வரலாற்றின் எந்தப் பகுதி பார்வையாளர் கைக்கு வருகிறது என்று நோக்க வேண்டும். ஸ்பேஸ்வாரின் சிறப்பு அது ஆடப்பட்டதில் மட்டும் இல்லை. அது தொடர்ந்து திருத்தப்பட்டது. ரஸ்ஸல் எழுதிய அடிப்படை நிரலுக்கு டான் எட்வர்ட்ஸ் ஈர்ப்பு விசையைச் சேர்த்தார். பீட்டர் சாம்சன் உண்மையான வானத்து விண்மீன்களைப் பின்னணியாக்கினார். எந்திரத்தின் சாவிகளால் கை நொந்தபோது ஆலன் கோட்டக்கும் பாப் சாண்டர்ஸும் தனிக் கைக்கருவிகளைச் செய்தனர். ஒருவர் நிரலை மற்றவர் எடுத்து மாற்றும் அப்பழக்கமே பின்னாளில் மென்பொருட் பண்பாட்டின் ஒரு பெரும் கிளையாக வளர்ந்தது.

பார்வையாளருக்குக் கிட்டுவது அக்கைக்கருவி மட்டுமே. அவர் ஆடுகிறார், வெல்கிறார் அல்லது தோற்கிறார். தோல்வி இங்குப் பிழையாக எதையும் கற்பிப்பதில்லை. இன்றைய எந்த விளையாட்டுக் கருவியிலும் கிடைக்கும் பட்டறிவு மங்கிய திரையில் கிடைத்தது என்ற அளவிலேயே பலர் அவ்விடத்தை விட்டு நீங்கக்கூடும். விண்மீனின் ஈர்ப்பு விசையைக் குறிக்கும் ஒரு மதிப்பை வழிகாட்டுநர் பார்வையாளர் முன்னிலையிலேயே மாற்றி மீண்டும் ஆடச் செய்தால், நிரல் என்பது மாற்றத்தக்கது என்னும் அன்றைய வியப்பை ஓரளவு மீட்க இயலும். விளையாடுவோர் கையிலிருந்து திருத்துவோர் கைக்கு நிகழ்வு ஓரடி நகர வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் திறனாய்வு.

கொலோசஸ்: கட்டியவர் கையும் இயக்கியவர் கையும்

பிளெட்ச்லி பார்க்கின் கொலோசஸ், கைப்பழக்கம் அழிந்தால் வரலாற்றுக்கு என்ன நேரும் என்பதற்கும், அதனைக் கையாலேயே மீட்க முடியும் என்பதற்கும் ஒருங்கே சான்றாக நிற்கிறது. அஞ்சல் துறையின் டாலிஸ் ஹில் ஆய்வு நிலையத்தில் டாமி ஃபிளவர்ஸ் வடிவமைத்த இக்கணினி, ஜெர்மானியரின் லோரன்ஸ் மறைகுறிச் செய்திகளை உடைப்பதற்காக 1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணியில் அமர்ந்தது. போர் முடியும்போது பத்துக் கணினிகள் இருந்தன. பின்னர் பெரும்பாலானவை பிரிக்கப்பட்டன, வரைபடங்கள் எரிக்கப்பட்டன, பணியாற்றியோர் மறைகாப்பு உறுதிமொழிக்குக் கட்டுப்பட்டு 1970கள்வரை வாய் திறக்கவில்லை.

1993இல் டோனி சேல் தலைமையில் மறுகட்டமைப்பு தொடங்கியபோது கையிலிருந்தவை 1945இல் எடுக்கப்பட்ட எட்டு ஒளிப்படங்களும், பொறியாளர் சிலர் விதியை மீறி வைத்திருந்த மின்சுற்று வரைபடத் துண்டுகளுமே. மூத்த பொறியாளர்களின் நினைவும், கைவிடப்பட்ட தொலைபேசி நிலையங்களின் உறுப்புகளும் உதவின. 1996இல் ஃபிளவர்ஸ் முன்னிலையில் எந்திரம் முதலில் இயக்கப்பட்டது. 2007இல் பணி நிறைவுற்றது. ஆவணம் இல்லாத இடத்தில் பற்றவைத்தும் சோதித்தும் கண்டறிந்த இம்முயற்சி ஆராய்ச்சி என்றே கொள்ளத்தக்கது.

அந்நிறைவையொட்டி 2007 நவம்பரில் நடைபெற்ற மறைகுறிப் போட்டி, கணினி அருங்காட்சியகம் ஒன்று பொதுமக்களுக்கு விடுத்த அழைப்புகளுள் தலைசிறந்தது எனலாம். ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரிலுள்ள ஹைன்ஸ் நிக்ஸ்டார்ஃப் அருங்காட்சியகத்திலிருந்து லோரன்ஸ் எந்திரத்தால் மறைகுறியாக்கப்பட்ட செய்திகள் வானொலி வழியாக அனுப்பப்பட்டன. அவற்றை வாங்கி உடைப்பதில் கொலோசஸோடு யாரும் போட்டியிடலாம். வெற்றி பெற்றவர் ஜெர்மனியின் பான் நகரைச் சேர்ந்த யோஆகிம் ஷூத். அவர் எழுதிய நிரல் மடிக்கணினியில் 46 நொடிகளில் சக்கர அமைப்பைக் கண்டறிந்தது. கொலோசஸுக்கு மூன்றரை மணிநேரத்துக்கு மேல் ஆயிற்று. தன் தலைமை அரும்பொருள் தோற்கக்கூடிய போட்டியை ஓர் அருங்காட்சியகமே நடத்தியது என்பது நோக்கத்தக்கது. விளைவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படாததால் பங்கேற்றோர் செய்தது உண்மையான வேலை. பிழைக்கும் காத்திருப்புக்கும் அங்கு இடமிருந்தது.

ஆனால் மூன்றாம் வினாவை எழுப்பும்போது ஒரு பெரும் இடைவெளி தெரிகிறது. கொலோசஸை நாள்தோறும் இயக்கியவர்கள் அரச கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். போரின் இறுதியில் மேக்ஸ் நியூமன் தலைமையிலான பிரிவில் அவர்கள் 270 பேருக்கு மேல் இருந்தனர். துளைநாடாவைத் துல்லியமாக ஒட்டி வளையமாக்குவது, கப்பிகளின்மேல் அதனைப் பூட்டி இழுவிசையைச் சரிசெய்வது, செருகிகளையும் சாவிகளையும் அமைப்பது ஆகியன அவர்தம் பணிகள். நொடிக்கு 5,000 எழுத்துகள் என்னும் வேகத்தில், அதாவது மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அந்நாடா சுழன்றது. ஒட்டு சற்றே பிசகினாலும் நாடா அறுந்துபோகும். வேலை முதலிலிருந்து தொடங்கும்.

அருங்காட்சியகங்கள் இப்பெண்களை மறைக்கின்றன எனக் கூற இயலாது. கொலோசஸின் புகழ்பெற்ற ஒளிப்படத்தில் எந்திரத்தின் முன் நிற்பவர்கள் இரு பெண்களே. அவர்கள் படத்தில் இருக்கின்றனர். அவர்கள் திறன் பார்வையாளர் செய்யும் செயலில் இல்லை. மறுகட்டமைப்பின் கதை கட்டியவரின் கதையாகவும், போட்டியின் கதை வென்றவரின் கதையாகவும் அமைந்துவிட, இயக்கியவரின் கை பின்னணியில் நின்றுவிடுகிறது. இதனை நிரப்ப அரிய பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு நீளத் துளைநாடா, பசை, இரு கப்பிகள் பொருத்திய எளிய சட்டகம் ஆகியவை போதும். பார்வையாளர் தாம் ஒட்டிய நாடாவைச் சுழலவிட்டு, எத்தனை சுற்றில் அது அறுகிறது என்று காணட்டும். அறுந்த நாடாவைக் கையில் பிடித்திருக்கும் அவருக்கு அந்த ஒளிப்படம் வேறு பொருள் தரும்.

மெதுவாகக் கணிக்கும் எந்திரமும் தவறைச் சொல்லும் திரையும்

அதே அருங்காட்சியகத்திலுள்ள ஹார்வெல் டெக்கட்ரான் கணினி 1951இல் பணிக்கு வந்து, 1957இல் வால்வர்ஹாம்ப்டன் கல்லூரிக்குச் சென்று, 1973வரை மாணவர்க்குக் கற்பித்தது. மக்கள் பார்வையிலேயே மீட்டமைக்கப்பட்ட இக்கணினி 2012 நவம்பர் 20 அன்று மீண்டும் இயக்கப்பட்டது. டெக்கட்ரான் என்பது பத்து நிலைகளுள் ஒன்றில் ஒளிப்புள்ளி நிற்கும் வாயுக் குழாய். எந்தக் குழாயில் எவ்விடத்தில் புள்ளி நிற்கிறதோ அதுவே அங்குப் பதிந்துள்ள எண். நினைவகத்தைக் கண்ணால் படிக்க இயலும் கணினி இது. ஒரு பெருக்கலுக்குச் சில நொடிகள் ஆகும். மேசைக் கணிப்பானோடு ஒருவர் இதனுடன் போட்டியிட்டு அரைமணிநேரம் ஈடுகொடுத்துப் பின் களைத்து விலகினார் என்றும், எந்திரம் தொடர்ந்து இயங்கியது என்றும் பதிவு உண்டு.

இங்குப் பார்வையாளர் எதனையும் தொட வேண்டியதில்லை. ஆயினும் நிகழ்வு வெற்றி பெறுகிறது. காரணம் காத்திருப்பு. புள்ளிகள் நகர்வதைக் கண்டபடியே விடைக்காக நிற்கும் நொடிகளில் கணக்கீடு என்பது படிப்படியாக நிகழும் வேலை என்பது தெளிவாகிறது. காத்திருப்பைத் தருவதும் ஒருவகைச் செய்முறையே என்பதை இவ்வெந்திரம் உணர்த்துகிறது. பார்வையாளர் சலிப்படைவார் என்றஞ்சிப் பழைய எந்திரத்தின் வேலையை விரைவான மென்பொருளால் காட்டும் நிகழ்வுகள் இழப்பது இதனையே.

அருகே பிபிசி மைக்ரோ கணினிகள் நிறைந்த வகுப்பறை உள்ளது. 1981இல் ஏக்கான் நிறுவனம் பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்திற்காக வெளியிட்ட இக்கணினி, பிரித்தானியப் பள்ளிகளில் ஒரு தலைமுறைக்கு நிரல் எழுதக் கற்பித்தது. இயக்கியவுடன் பேசிக் மொழி காத்திருக்கும். பட்டியலோ படவுருவோ இல்லை. ‘பிரிண்ட்’ என்னும் கட்டளையில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் திரையில் ‘மிஸ்டேக்’ என்னும் ஒரு சொல் தோன்றும். மன்னிப்போ மாற்றுப் பரிந்துரையோ கிடையாது. பார்வையாளர் தாமே பிழையைத் தேடித் திருத்தி மீண்டும் இயக்குகிறார். பத்து நிமிடத்தில் இரண்டு வரி நிரல் ஒன்று இயங்கிவிடுகிறது. இவ்வகுப்பறையில் தொடுதல் செய்துபார்த்தலாகவும், செய்துபார்த்தல் பழக்கத்தின் முதற்படியாகவும் வளர இடமுண்டு. மூன்று வினாக்களுக்கும் ஓரளவு நிறைவான விடை தருவது விலைமதிப்பற்ற தனி எந்திரமாக இல்லாமல், பதினைந்து இலட்சம் வரை உற்பத்தியான ஒரு பள்ளிக் கணினியாக இருப்பது எண்ணத்தக்கது. எண்ணிக்கையில் மிகுந்த பொருளையே தயக்கமின்றிப் பார்வையாளர் கையில் தர இயலும்.

சியாட்டில் தரும் எச்சரிக்கை

செய்முறை நிகழ்வுகளுக்கு எதிராகப் பாதுகாப்பாளர்கள் கூறும் வாதம் வலுவானது. இயக்குந்தோறும் எந்திரம் தேய்கிறது, மாற்றுறுப்புகள் கிடைப்பதில்லை, உறுப்புகளை மாற்றிக்கொண்டே போனால் மூலப்பொருள் எங்கே என்னும் கேள்வியும் எழும். இதற்கு மறுபக்கமும் உண்டு. இயக்காமல் வைத்த எந்திரத்திலும் மின்தேக்கிகள் கெடுகின்றன; இரப்பர் உருளைகள் இளகுகின்றன. அதனை இயக்கத் தெரிந்தவர்களின் கைப்பழக்கம் அதைவிட விரைவாக மறைகிறது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களுள் ஒருவரான பால் ஆலன் உருவாக்கி, 2012இல் சியாட்டிலில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகம், இயக்குவதே பாதுகாப்பது என்னும் கொள்கையை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. பார்வையாளர் பழைய பெருங்கணினிகளின் முன் அமர்ந்து வேலை செய்யலாம்; தொலைவிலிருந்தும் கணக்குத் தொடங்கி உள்நுழையலாம். ஒரு மணிநேர வருகை தர இயலாத கைப்பழக்கத்தை, வீட்டிலிருந்து நாள்தோறும் உள்நுழைந்து பெற வழிசெய்த அரிய முயற்சி அது. 2018இல் ஆலன் மறைந்தார். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அருங்காட்சியகம் மூடப்பட்டது. 2024 ஜூனில், அது மீண்டும் திறக்கப்படாது என்றும், தொகுப்பின் பொருள்கள் கிறிஸ்டிஸ் நிறுவனத்தின்வழி ஏலம் விடப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது.

ஏலப் பட்டியலில் எந்திரங்களுக்கு எண்ணும் விலையும் உண்டு. அவற்றை நாள்தோறும் இயங்குநிலையில் வைத்திருந்தவர்களின் அறிவுக்குப் பட்டியலில் இடமில்லை. ஒரு பெருங்கணினி வேறொரு கூடத்தை அடையலாம். அது எந்த ஓசை எழுப்பினால் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்னும் அறிவு அதனுடன் பொதியப்படுவதில்லை. தனி ஒருவரின் செல்வத்தைச் சார்ந்த நிறுவனம் அவர் மறைவுக்குப்பின் நிலைக்காது போகலாம் என்பது ஒரு பாடம். கைப்பழக்கத்தை நிறுவனத்தின் ஊழியர்களிடம் மட்டும் விட்டுவைத்தால் அதுவும் நிறுவனத்தோடு கலைந்துவிடும் என்பது அதனினும் முதன்மையான பாடம். மவுண்டன் வியூவிலும் பிளெட்ச்லி பார்க்கிலும் மூத்த தன்னார்வலர்களின் தோளில் நிற்கும் பணிகளுக்கு இது பொருந்தும். டோனி சேல் 2011இல் மறைந்த பின்னும் கொலோசஸ் இயங்குகிறது என்றால், அவர் கையிலிருந்தது பிறர் கைக்கு மாறியிருந்ததே காரணம்.

முடிவுரை

கணினி வரலாற்று அருங்காட்சியகங்களின் செய்முறை நிகழ்வுகளை இக்கட்டுரை மூன்று வினாக்களால் நோக்கியது. துளையட்டை நிகழ்வு பிழையின் விலையை உணர்த்துகிறது. உழைத்தவரை உணர்த்தத் தவறுகிறது. ஸ்பேஸ்வார் மகிழ்விக்கிறது, அவ்விளையாட்டை வளர்த்த திருத்தும் பழக்கத்தைத் தரவில்லை. கொலோசஸ் போட்டி உண்மையான பங்கேற்பைத் தந்தது. இயக்கிய பெண்களின் திறனைச் செயலாக்கவில்லை. டெக்கட்ரான் கணினியின் காத்திருப்பும் பிபிசி மைக்ரோ வகுப்பறையின் பிழைச்செய்தியும் எளியவையாயினும் வரலாற்றை நெருங்குகின்றன.

இவற்றிலிருந்து இரு பரிந்துரைகளை முன்வைக்கலாம். முதலாவது, நிகழ்வு வடிவமைக்கப்படும்போது ‘பார்வையாளர் எதைத் தொடலாம்’ என்னும் வினாவுக்கு முன்னர் ‘இவ்வேலையை அன்று செய்தவர் யார், அவர் கை என்ன செய்தது’ என்னும் வினா எழுப்பப்பட வேண்டும். சரிபார்க்கும் இரண்டாம் அட்டையும் அறுந்துபோகும் துளைநாடாவும் பெருஞ்செலவு கோருபவையல்ல. இரண்டாவது, எந்திரங்களுக்கு வரவுப் பதிவேடு இருப்பதுபோல் அவற்றை இயக்கத் தெரிந்தவர்களுக்கும், அவர்களிடம் பயின்று வருபவர்களுக்கும் அருங்காட்சியகம் ஒரு பதிவேடு பேண வேண்டும். எந்தக் கைப்பழக்கம் ஒருவரிடம் மட்டும் எஞ்சியுள்ளது என்பதை அப்பதிவேடு காட்டும். அடுத்த பயிற்சி எங்கே தொடங்க வேண்டும் என்பதும் அதிலிருந்து தெரியவரும்.

தலைமுறை அட்டவணையாகக் கணினி வரலாற்றைக் கற்ற நமக்கு இம்மதிப்பீடு நேரடியாகத் தொடர்புடையது. அட்டவணையில் விடுபட்டவர்கள் அருங்காட்சியகத்திலும் விடுபட்டால், அவர்களைத் தேட வேறு இடம் எளிதில் கிட்டாது.